ஒரு சுற்று குறைவாக

மூன்றாவது படமும் சிவப்பு. எல்லாவற்றையும் சிவப்பாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள், எங்கள் தொழிற்சங்கக் கொடியின் நிறம் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம், இதற்கு ரேஸ் சிவப்பு என்று பெயராம். கை தட்டுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இஸ்மாயில் பாய், பாடிப் பக்கம் கார் பட்டறை வைத்திருப்பவர், காலையில் பொங்கல் தட்டோடு வந்து தானாகவே என்னிடம் அறிமுகம் செய்துகொண்டவர், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி பாருங்க தோழரே, வாஷிங் மெஷினைத் திருப்பி வெச்ச மாதிரி கீது" என்கிறார். தோழரே என்று அவரை யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் சட்டைப்பையில் பேனா இருக்கும் விதத்தைப் பார்த்தே சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முகப்பேரில் ஒரு மினி ஹால், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. நேற்று இங்கே ஒரு குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறார்கள், தெர்மோகோலில் வெட்டிய தன்யஸ்ரீ என்ற பெயர் இன்னும் மேடையில் தொங்குகிறது, புரொஜெக்டர் வெளிச்சத்தில் 'ஸ்ரீ'யின் நிழல் மட்டும் காரின் முன் சக்கரத்தில் விழுகிறது. முப்பது பேர் இருப்பார்கள். உற்பத்தி நின்று முப்பத்தைந்து வருடமான ஒரு காரை விரும்புகிறவர்களின் சங்கம் இது. அந்தக் கார் இன்று மறுபடி வந்தால் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு படம் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவந்திருக்கிறார்கள். மொத்தம் ஆறு படம். யாரும் செய்யப்போவதில்லை. செய்வதற்கு ஆலை இல்லை, ஆலை இருந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அது இவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறார்கள். மின்சாரத்தில் ஓடினால் அது ஷிக்ராவே இல்லை என்கிறார் ஒருவர். ஷிக்ராவின் மருமகன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் இன்னொருவர். போனஸ் பேச்சுவார்த்தையில்கூட நான் இவ்வளவு சூடு பார்த்ததில்லை.

ஷிக்ரா என்பது கம்பெனி வைத்த பெயர், ஒரு வேட்டைப் பறவையின் பெயர். நாங்கள் அதை வைரி என்போம். அந்தப் பறவைக்குத் தமிழில் அதுதான் பெயர், அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும் எங்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டு கதவு, சாய்ந்த முதுகு, நீண்ட மூக்கு, அந்தக் காலத்தில் ரோட்டில் போன மற்ற வண்டிகளெல்லாம் அதன் பக்கத்தில் பீரோ போல இருக்கும். அதன் முன் சக்கரங்களைப் பொருத்துகிற முன்னச்சுப் பிரிவில் பதினோரு வருடம் வேலை செய்தேன். எங்கள் தொழிற்சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன், துண்டறிக்கை முழுவதும் நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒன்பதாம் வகுப்போடு சரி, மற்றதெல்லாம் துண்டறிக்கையிலும் சிறு வெளியீடுகளிலும் படித்தது. அப்படிப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வரும், எதையும் கேட்பவன் மனப்பாடம் செய்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று. இந்தக் கார்ச் சங்கத்தின் செயலாளர் நந்தகோபால் பல் டாக்டர். பழைய தொழிலாளி ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று போன் செய்தார். வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பத்து மூன்று வருடமாக ரோட்டில் அந்த வண்டி எதிரே வந்தால் கடைப் பலகையைப் படிக்கிறவன் போலத் திரும்பிக்கொள்கிறவன் நான். அப்போது அவர், சாதாரணமாக, ஊர்ச் செய்தி சொல்வதைப் போல, "தேவசகாயம் கடைசியா ஓட்டின வண்டி கிடைச்சிருக்கு சார், எங்க பெனிட்டா மேடம்தான் எடுத்து ரெடி பண்றாங்க" என்றார். அவர் முடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. இன்று காலை பொங்கலில் கை வைக்க முடியவில்லை. இரண்டாவது வரிசையின் ஓரத்தில் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, மடியில் நீல ரெக்சின் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் பெனிட்டா. பாலிடெக்னிக்கில் உலோகம் பற்றிப் பாடம் எடுக்கிறாராம். இதுவரை ஒரு படத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவருடைய காலடியில் ஒரு சாக்கு இருக்கிறது. நான் படங்களைப் பார்ப்பதைப் போல அந்தச் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம் கை ஒரு சுற்று குறைவாகச் சுற்றட்டும், அவர்கள் லாபச் சக்கரம் நூறு சுற்று குறையும். இதுதான் அந்த வாக்கியம். எண்பத்தொன்று பிப்ரவரி, கோ ஸ்லோ போராட்டத்தின் முதல் நாள் காலை ஷிப்டில் ஆயிரத்து இருநூறு பிரதி கொடுத்தோம். வில்லிவாக்கத்து அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர், "சுற்று சுற்றுன்னு ரெண்டு தடவ வருதே, மாத்தணுமா" என்று கேட்டார். அதுதான் அழகு என்றேன். அழகு. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு வண்டி வெளியே போகிற இடத்தில் பத்து போகட்டும் என்பதுதான் பொருள், கையை நிதானமாக ஓட்டு, அவசரப்படாதே, ஆயிரத்து இருநூறு பேருக்கும் அப்படித்தான் புரிந்திருக்கும், இது என்ன பெரிய மர்மமா. ஆனால் முன்னச்சுப் பிரிவில் வேலை என்பதே நட்டைச் சுற்றுவது. எங்களுக்குச் சுற்று என்றால் உவமை இல்லை. ஸ்பானரைப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற சுற்று. ஒரு சுற்று குறைந்தால் நட்டு இறுகாது. எழுதும்போது இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது. அதே கையால் பகலில் நட்டைச் சுற்றிவிட்டு ராத்திரி அதே கையால் இதை எழுதியிருக்கிறேன், ஒரு கை செய்வது இன்னொரு கைக்குத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, இது ஒரே கை. எங்கள் பிரிவில் எட்டுப் பேர். ஏழு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எட்டாவது ஆள் நடேசன். வெற்றி கிடைக்கும்வரை கறுப்புப் பட்டை அணிவோம் என்று ஒரு முறை எழுதினேன். மூன்றாம் நாளே பேச்சுவார்த்தை முடிந்து எல்லோரும் கழற்றிவிட்டோம். நடேசன் இரண்டு வருடம் கழற்றவில்லை. கேட்டால், "வெற்றின்னு நீங்க இன்னும் எழுதலியே அண்ணே" என்றான். கல்யாணத்தில் எடுத்த போட்டோவில்கூட அவன் கையில் அந்தப் பட்டை இருந்தது.

நான்காவது படம். ஹாலில் ஒரு ஓ என்ற சத்தம். வண்டியின் மூக்குக்கு நடுவே ஒரு சிறிய வட்ட விளக்கு, தனியாக, நெற்றியில் இட்டதைப் போல. வரைந்த பையன், அஸ்வத் என்று பெயர், பையன் என்ன பையன், முப்பத்தைந்து வயதிருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, யூடியூபில் இந்தக் காரைப் பற்றி எண்பது வீடியோ போட்டிருக்கிறானாம், எழுந்து நின்று விளக்குகிறான். "பொட்டு. நம்ம பொட்டு வண்டிங்களுக்கு ஒரு மரியாதை." தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. பாயிடம் கேட்கிறேன். அவர் குனிந்து காதில் சொல்கிறார். சில ஷிக்ராக்களில் மட்டும் வண்டி நம்பர் அடித்த தகட்டுக்குக் கீழே ஆணியால் குத்தியது போல ஒரு புள்ளி இருக்கும், மொத்தமே தொண்ணூற்று சொச்சம் வண்டிதான் அப்படி, தலைமை இன்ஜினியர் தானே நின்று சோதித்துத் திருப்தியான வண்டிக்கு மட்டும் வைத்த அடையாளம், பொட்டு வண்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கத்தில் முதல் வரிசை நாற்காலி. எனக்குச் சிரிப்பு வருகிறது. தலைமை இன்ஜினியர் எங்கே வந்தார். போராட்டம் நடந்த பதினோரு நாளும் லைனிலிருந்து இறங்கிய ஒவ்வொரு வண்டியிலும் நாங்கள் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினோம். இது எங்கள் போராட்ட நாளில் பிறந்தது என்பதற்கு. அதுவும் என் யோசனை. நான் பெருமைக்குச் செய்ததெல்லாம் எப்படி இவ்வளவு தூரம் உயிரோடு வருகிறது. எழுந்து சொல்லலாம். அந்தப் புள்ளிதான் ஐயா ஒரு ஆளைக் கொன்றதோ என்று நாற்பத்து மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதை விளக்காகப் போட்டு எரிக்கிறீர்களா என்று. தேவசகாயத்தின் வண்டியில் அந்தப் புள்ளி இருந்ததா. அது மட்டும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

தேவசகாயம் கம்பெனியின் சோதனை ஓட்டுநர். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிற பந்தயத்தில் கம்பெனி சார்பாகக் காக்கிச் சட்டையோடு போய் உட்கார்ந்து ஜெயித்துவிட்டு வருவான். எங்கள் சங்க உறுப்பினர், சந்தா ஒரு மாதம்கூடப் பாக்கி இல்லை. உயரமான ஆள், அந்த வண்டிக்குள் முழங்காலை மடக்கி நுழைவதைப் பார்த்தால் குடையை மடக்குகிற மாதிரி இருக்கும். போராட்டத்தின் ஒன்பதாம் நாள் கேட்டில் என்னைப் பார்த்து, "இன்னா தலைவரே, எல்லாத்தையும் ஸ்லோ பண்ணிட்டீங்க, ஞாயித்துக்கெழம என் வண்டியாவது ஸ்பீடா போட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை, செங்குன்றத்துக்கு அப்பால் பழைய விமான ஓடுதளத்தில், வளைவு வந்தபோது அவன் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான், வண்டி திரும்பவில்லை. நேராகச் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது என்றால் முன்னச்சில் ஏதோ கழன்றிருக்கிறது. வேறு என்ன. நான் அன்றே, செய்தி வந்த அந்த நிமிஷமே, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். எல்லோரும்தான் அழுதார்கள். அவன் அழுகை மட்டும் எனக்கு வேறு மாதிரி இருந்தது. கேட்கவில்லை. அப்புறம் இருபத்தெட்டு வருடம் கேட்கவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகக் கிடந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் அதிகம், உனக்கு ஃபேன் காற்று வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன். நொறுங்கிய வண்டியைக் கம்பெனி தார்ப்பாய் போட்டு ஷெட்டில் பூட்டியது. விசாரணை நடக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டியது. விசாரணை முடிந்தது என்ற நோட்டீஸ் வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தப் பேச்சுக்கு அழைத்தார்கள், நாங்கள் கேட்டதில் பாதிகூட இல்லாத காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடுவோம் என்று முதலில் சொன்னவன் நான். ஏன் என்று பேச்சுவார்த்தைக் குழுவில் ஒருவருக்கும் புரியவில்லை. விலை போய்விட்டான் என்று கழிவறைச் சுவரில் எழுதினார்கள், என்னுடைய நடையிலேயே, எதுகையோடு. நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். செயலாளர் பதவியை விட்டேன். தேவசகாயத்தின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க மட்டும் பன்னிரண்டு மனு எழுதினேன், ஒன்று மாற்றி ஒன்று, விடாமல். அது கிடைத்த பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அம்மா கேக் கொடுத்தனுப்பினார்கள். அதை ஒரு துண்டுகூட நான் வாயில் வைத்ததில்லை.

"ஒரே ஒரு விஷயம்" என்று அஸ்வத் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். மைக் அவன் கையிலேயே இருக்கிறது. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான் போலிருக்கிறது, நான் கேள்வியைத் தவறவிட்டுவிட்டேன். "டிசைன் பர்ஃபெக்ட். அதை நாசம் பண்ணது ஆளுங்க. தேவசகாயம் ஆக்ஸிடென்ட் எப்படி நடந்துச்சுன்னு நெனைக்கிறீங்க. அப்ப யூனியன்காரங்க கோ ஸ்லோ பண்ணிட்டு இருந்தாங்க. வேணும்னே நட்டை லூசா விட்டாங்க. என் வீடியோல சொல்லியிருக்கேன், ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க. அதனாலதான் என் வெர்ஷன்ல ஃபுல்லா ரோபோ அசெம்பிளி, மனுஷன் கையே படாது." சிலர் சிரிக்கிறார்கள். நந்தகோபால் என்னைப் பார்க்கிறார், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். இதோ. இவ்வளவு நாளாக நான் மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவன் மைக்கில் சொல்கிறான், ரெண்டு லட்சம் பேருக்குச் சொல்லியிருக்கிறான். எழுந்து அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும். மனுஷன் கை படாமல் நீ எப்படியப்பா பிறந்தாய் என்று கேட்க வேண்டும், ஆயிரம் கேட் மீட்டிங்கில் இதைவிடப் பெரிய வாயை மூடியிருக்கிறேன். நான் எழவில்லை. அவன் சொல்வது உண்மையாக இருந்தால் நான் எதைக் கொண்டு கோபப்படுவது. பாய்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கிறார், "தம்பி, மனுஷன் கையே படாத வண்டிய யாருப்பா கழுவுவா". ஹால் சிரிப்பில் குலுங்குகிறது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது பெனிட்டா எழுந்துவிட்டார். சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னே போகிறார். கனமான எதையோ மேஜை மேல் வைக்கிற சத்தம். "அஸ்வத், வீடியோ போடறதுக்கு முன்னாடி இதப் பாத்திருக்கலாம்" என்கிறார், வகுப்பெடுக்கிற குரலில், கோபமே இல்லாமல். "இது அந்த வண்டியோட முன் சக்கரத்தத் திருப்பற ஸ்டியரிங் ஆர்ம். வண்டியோடவே ஒரு டப்பாக்குள்ள வந்துது, கிரீஸ் தாள்ல சுத்தி. உடைஞ்சிருக்கு. கழறல." நட்டு இன்னும் அதுலதான் இருக்கு என்கிறார். அஸ்வத், "லூசா இருந்து ஆடி ஆடிக்கூட உடையலாம் மேடம்" என்கிறான். எனக்கு எழுந்ததாக நினைவில்லை. நான் நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே யாருடைய காலையோ மிதித்துவிட்டேன், அவர் பரவாயில்லைங்க ஐயா என்றார்.

மேஜையில் அது ஒரு முறிந்த முழங்கையைப் போலக் கிடக்கிறது. கையில் எடுக்கிறேன். கனம் ஞாபகம் இருக்கிறது, கனத்தைக் கை மறக்காது. நுனியில் நட்டு. நட்டின் தலையில் கோட்டைச் சுவர் போல வெட்டுகள், அந்த வெட்டின் வழியாகப் போல்ட்டுக்குள் ஒரு கம்பி ஊசியைச் செருகி முனையை மடித்துவிடுவோம், மடித்த பிறகு நட்டு எப்படி ஆடினாலும் கழலாது. அந்த ஊசி இருக்கிறது. மடிப்பும் இருக்கிறது. ஊசி செருகியிருந்தால் நட்டு முழுச் சுற்றும் சுற்றியிருக்கிறது என்று பொருள், ஒரு சுற்று குறைந்தாலும் வெட்டும் துளையும் நேருக்கு நேர் வராது, ஊசி நுழையாது. நட்டைத் திருகிப் பார்க்கிறேன். அசையவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊசியின் முனையைப் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் லைனில் ஊசியின் இரண்டு காலையும் இடமும் வலமுமாக விரிப்போம். அதற்கு மீசை என்று பெயர். நேரம் மிச்சம், அடுத்த வண்டி வந்து நிற்கும். இதில் ஒரு கால் நட்டின் தலைமேல் நிமிர்ந்து வளைந்திருக்கிறது, இன்னொரு கால் கீழே படிந்திருக்கிறது. இது கொக்கு. ஆலையில் கொக்கு மடிக்கிறவர்கள் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம், மாதிரி வண்டி செய்கிற ஷெட்டில். அவர்களுக்கு அவசரம் கிடையாது. எங்கள் சங்கமும் கிடையாது. "மேடம், இது லைன்ல செஞ்ச வண்டி இல்ல" என்கிறேன். குரல் எங்கிருந்தோ வருகிறது. "ஆமாங்க ஐயா" என்கிறார் பெனிட்டா, ஆச்சரியமாக என்னைப் பார்த்து, "நம்பர்படி மாதிரி வண்டிதான். போராட்டத்துக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி செஞ்சது. பொட்டும் இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது". நான் ஊசியைக் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து உடைந்த இடத்துக்கு நகர்த்தினார். "இங்க தொடுங்க. மெரினால அலை வந்துட்டுப் போனா மணல்ல கோடு கோடா நிக்கும்ல. அந்த மாதிரி கோடு இருக்கா. ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமா வளந்தது. மாசக்கணக்கா. வார்ப்பிலயே கோளாறு. யார் எத்தன சுத்து இறுக்கியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்." பிறகு சாக்கிலிருந்த அந்த டப்பாவைத் திறந்து ஒரு அட்டைச் சீட்டை எடுத்தார். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. தொழிற்சட்டப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே கற்ற ஆங்கிலம் எனக்கு உண்டு, படித்துக்கொண்டேன். பழைய விரிசல், பொருத்தியதில் குறை இல்லை, வெளியில் காட்ட வேண்டாம். தலைமை இன்ஜினியரின் கையெழுத்து. விபத்து நடந்த நாலாவது நாள் தேதி.

நாலாவது நாள். ஒப்பந்தக் காகிதத்தை நீட்டியது பதினைந்தாவது நாள். அன்று கம்பெனிக்காரர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தெரிந்துகொண்டே. எங்கள் மேல் பழி போட்டிருந்தால் நான் ஆதாரம் கேட்டிருப்பேன், கோர்ட்டுக்குப் போயிருப்பேன், இந்த இரும்பை வெளியே எடுக்க வைத்திருப்பேன். அவர்கள் பழி போடவே இல்லை. பழியை எங்களிடமே விட்டுவிட்டார்கள், அது எங்களுக்குள் தானாக வேலை செய்தது, கூலி கேட்காமல். இதை நினைக்கும்போது கோபம் வர வேண்டும், வருகிறது, வந்து வாசலில் நிற்கிறது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று உள்ளே வந்துவிட்டது, அது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டது. யாரோ நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார், குடித்தேன், தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குகிற வழி முழுவதும் தெரிந்தது. நடேசா. நீ தேவசகாயத்துக்காகத்தான் அழுதிருக்கிறாய். வேறு எதற்கும் இல்லை. நான் உன்னை இருபத்தெட்டு வருடம் ஒரு பக்கமாகவே பார்த்தேன், நீ கொண்டுவந்த தேங்காயை, உன் பெண் கல்யாணப் பத்திரிகையை, எல்லாவற்றையும் ஒரு பக்கமாகவே வாங்கினேன், நீ அதைக் கவனித்திருப்பாய், நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் முகத்தைக் கவனிக்காமலா இருந்திருப்பாய். இதற்கு யாரிடம் மனு எழுதுவது. எழுதலாம், அவன் பெண்ணிடம் போய்ச் சொல்லலாம், திருவொற்றியூரில்தான் இருக்கிறாள், நாளைக்கே போகலாம், போவேன். மூச்சு முழுதாக உள்ளே போகிறது. எத்தனையோ வருடமாக முக்கால் மூச்சில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது, அதுவே வயதுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மாத்திரை வேறு சாப்பிட்டேன். அஸ்வத் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, "சாரி சார், அந்த வீடியோவை எடுத்துடறேன்" என்றான். எடுக்காதே, இந்தச் சீட்டைப் படம் பிடித்து இன்னொன்று போடு, இரண்டு லட்சத்துக்கு மேல் போக வேண்டும் என்றேன். அப்புறம் மைக்கை வாங்கினேன். அந்தத் துண்டறிக்கையை எழுதியவன் நான்தான் என்று ஆரம்பித்து வாக்கியத்தையும் சொன்னேன். சொல்லும்போது ஒன்று தெரிந்தது. நல்ல வாக்கியம்தான் அது. இனிமேல் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

பொட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். ஏமாற்றத்தில் ஹால் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். முதல் வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்படின்னா இன்னும் சூப்பர் சார், ஸ்ட்ரைக் எடிஷன்" என்றார். இவர்களைத் திருத்த முடியாது. எதிர்ப்பைக் கொடுத்தால் அதையும் பாலிஷ் போட்டு நிறுத்திவைப்பார்கள். இன்னொரு நாள் இதற்கு ஒரு துண்டறிக்கை எழுதலாம், இப்போது ஆறாவது படம் வந்துவிட்டது, எனக்கு அதைப் பார்க்க வேண்டும். நிஜமாகவே பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வரைந்தவன் சாய்ந்த முதுகைச் சரியாகப் பிடித்திருக்கிறான், முதுகு அப்படித்தான் இருக்கும், மழையில் நனைந்து நின்றால் தண்ணீர் ஒரே ஓட்டமாக இறங்கும், எவ்வளவு அழகான வண்டி அது, அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கதவில் கைப்பிடி இல்லை. "கைப்பிடி எங்கே" என்று கேட்கிறேன். உள்ளே மறைந்திருக்கும் சார், பட்டனைத் தொட்டால் வெளியே வரும் என்கிறார்கள். எழுந்து நிற்கிறேன். கைப்பிடி என்பது வெளியே நிற்கிறவனுக்காக வைத்தது, அதை உள்ளே ஒளித்துக்கொள்கிற வண்டி உள்ளே இருப்பவனைப் பற்றி மட்டுமே யோசிக்கிற வண்டி, சவுக்குத் தோப்பில் நாலு பேர் ஓடிவந்து எதைப் பிடித்து இழுப்பார்கள் என்கிறேன். குரல் மேலே ஏறுகிறது, எனக்கே கேட்கிறது, கேட் மீட்டிங் குரல், எங்கேயோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பாய் மட்டும் தட்டுகிறார். பெனிட்டா சிரித்துக்கொண்டே, "ஐயா, மத்தவங்களும் பேசணும், உங்களுக்கு ஏற்கெனவே பத்து நிமிஷம் ஆச்சு" என்கிறார். இன்னும் இரண்டே நிமிஷம் என்கிறேன். கதவுக் கைப்பிடி வெளியே தெரிய வேண்டும், இதை எல்லா மாதிரிக்கும் பொதுவான விதியாக வைக்க வேண்டும், கை தூக்கச் சொல்லுங்கள் டாக்டர் என்கிறேன். செய்யப்போகாத வண்டிக்கு விதியா சார் என்று கேட்டபடியே நந்தகோபால் நாற்காலி மேல் ஏறி எண்ணுகிறார். ஆதரவு ஏழு, எதிர்ப்பு பத்தொன்பது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்ததையும் எதிர்ப்பில் கை தூக்கியதாகச் சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.